பின்னங்களைச் சுருக்கும்போதும் பெருக்கும்போதும் எங்கே தவறுகிறோம்: படிப்படியான முழு வழிகாட்டி

பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்தும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பின்னக் கணக்கில் தப்பு செய்கிற பிள்ளைக்கு வாய்ப்பாடு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வகுக்கவும் வருகிறது. ஆனால் மேலேயும் கீழேயும் ‘அடிக்கும்போது’ உண்மையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அதற்குச் சொன்னதில்லை. கோடு போட்டால் எண் காணாமல் போய்விடுகிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் பாதிக்கு மேற்பட்ட தப்புகள் கிளைக்கின்றன.

அடிப்பது என்றால் வகுப்பது. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் ஒரே எண்ணால் வகுப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் இதைப் பிடித்துக்கொண்டே போகப்போகிறோம்.

தொகுதி, பகுதி: பெயரிலேயே பொருள் இருக்கிறது

கோட்டுக்குக் கீழே இருப்பது பகுதி. ‘பகு’ என்றால் பிரி. முழுதை எத்தனை சம பாகங்களாகப் பகுத்தோம் என்று அது சொல்கிறது. மேலே இருப்பது தொகுதி. ‘தொகு’ என்றால் சேர். அந்தப் பாகங்களில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்று அது சொல்கிறது. ஆக 5/8 என்றால் முழுதை 8 ஆகப் பகுத்து, அதில் 5 ஐத் தொகுத்திருக்கிறோம். எது மேலே, எது கீழே என்று குழம்பும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வினைகளையும் சொல்லிக்கொடுத்தால் போதும், அப்புறம் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, 6/8 எப்படி 3/4 ஆகிறது? ஒரு காகிதப் பட்டையை 8 சம பாகமாக மடித்து, அதில் 6 பாகத்துக்கு வண்ணம் அடியுங்கள். இப்போது பக்கத்துப் பக்கத்துப் பாகங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்றாக எண்ணுங்கள். மொத்தம் 4 பெரிய பாகம், வண்ணம் அடித்தவை 3. காகிதமும் மாறவில்லை, வண்ணமும் மாறவில்லை. எண்ணும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. எழுத்தில் இதை இப்படிக் காட்டலாம்:

6/8 = (3 × 2)/(4 × 2) = 3/4 × 2/2 = 3/4 × 1 = 3/4

நாம் அடிப்பது அந்த 2/2 ஐத்தான். அதன் மதிப்பு 1. ஒன்றால் பெருக்கினாலும் வகுத்தாலும் எதுவும் மாறாது என்பதால்தான் அடிக்க அனுமதி இருக்கிறது. மேலேயும் கீழேயும் பெருக்கலில் நிற்கிற ஒரே காரணியை மட்டுமே அடிக்க முடியும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

சுருக்குவதில் வரும் தப்புகள்

முதல் தப்பு இலக்கத்தை அடிப்பது. 16/64 இல் இரண்டு 6 ஐயும் அடித்தால் 1/4 வருகிறது. சரியான விடையும் 1/4 தான்! 19/95 இல் 9 ஐ அடித்தால் 1/5, அதுவும் சரி. 26/65 இல் 6 ஐ அடித்தால் 2/5, 49/98 இல் 9 ஐ அடித்தால் 4/8. எல்லாமே சரியாக வருகின்றன. மேல் எண் கீழ் எண்ணைவிடச் சிறியதாக இருக்கும் ஈரிலக்கப் பின்னங்களில், கடைசிச் சுழியங்களை அடிப்பதை விட்டுவிட்டால், இப்படித் தற்செயலாக ஒத்துப்போவது இந்த நான்கு மட்டும்தான். 13/34 ஐ எடுத்துப் பாருங்கள். 3 ஐ அடித்தால் 1/4 என்று வரும். ஆனால் 13 பகா எண், 34 ஐ அது வகுக்காது. எனவே 13/34 ஏற்கெனவே எளிய வடிவத்தில்தான் இருக்கிறது. 16 இல் உள்ள 6 ஒரு காரணியே அல்ல. 16 என்பது 10 + 6. கூட்டலில் இருக்கும் ஒரு துண்டை அடித்திருக்கிறோம், அதிர்ஷ்டத்தால் விடை வந்துவிட்டது. விடை சரியாக வந்த தப்புதான் பிள்ளையின் மனத்தில் வழிமுறையாகத் தங்கிவிடும். அதனால் இதை உடனே பிடித்துத் திருத்த வேண்டும்.

30/70 இல் சுழியங்களை அடிக்கிறோமே, அது மட்டும் எப்படிச் சரி? அங்கே அடிப்பது இலக்கத்தை அல்ல. 30 = 3 × 10, 70 = 7 × 10. அடிபடுவது 10 என்ற காரணி. 305/705 இல் நடுவில் இருக்கும் சுழியத்தை அடித்தால் அது முழுத் தப்பு. சுழியம் கடைசியில் இருந்தால்தான் 10 காரணியாக இருக்கிறது என்று பொருள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது கூட்டலுக்குள் அடிப்பது. (4 + 3)/4 என்று இருந்தால் 4 ஐயும் 4 ஐயும் அடித்து 3 என்று எழுதுவார்கள். மேலே 7 இருக்கிறது, விடை 7/4. அது 2 ஐவிடக் குறைவு. 3 எப்படி வரும்? இயற்கணிதம் தொடங்கியதும் இந்தத் தப்பு பெரிதாகத் திரும்பி வரும். (அ + 6)/6 இல் 6 ஐ அடித்து ‘அ’ என்றோ ‘அ + 1’ என்றோ எழுதுவார்கள். மேலே கூட்டல் குறியோ கழித்தல் குறியோ தெரிந்தால் பேனாவை நிறுத்துங்கள். முதலில் கூட்டிவிடுங்கள், அல்லது பொதுக்காரணியை வெளியே எடுங்கள். (6 + 9)/12 என்றால் 3 × (2 + 3)/12, அதாவது 3 × 5/12. இப்போது 3 ஐ அடிக்கலாம், 5/4 வரும்.

அடுத்தது, இரண்டிலிருந்தும் ஒரே எண்ணைக் கழிப்பது. ‘மேலே செய்வதைக் கீழேயும் செய்’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிள்ளை 5/8 இல் இரண்டிலிருந்தும் 2 ஐக் கழித்து 3/6 என்று எழுதும். அரையைவிடப் பெரியதாக இருந்த பின்னம் சரியாக அரையாகிவிட்டது. அந்தச் சொற்றொடரில்தான் குறை. ‘மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கு அல்லது வகு’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

வேறு வேறு எண்களால் வகுப்பதும் உண்டு. 12/18 இல் 12 ஐ 4 ஆல், 18 ஐ 3 ஆல் வகுத்து 3/6. தனித்தனியே வகுத்தல் சரிதான், ஆனால் அடிபட்டது 4/3. அது 1 அல்ல. சரியான விடை 2/3.

அடித்த இடத்தில் எதுவும் எழுதாமல் விடுவதும் சிக்கலைத் தரும். 4/12 இல் 4 ஐ அடித்து, 12 ஐ அடித்து 3 எழுதிவிட்டு, விடை 3 என்று முடிப்பார்கள். சிலர் மேலே 0 போடுவார்கள். 4 ஐ 4 ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். அந்த 1 ஐ எழுதியே ஆக வேண்டும். என்னிடம் கேட்டால், முதல் சில மாதங்களுக்கு அடிக்கவே விடக்கூடாது, 4/12 = (4 ÷ 4)/(12 ÷ 4) = 1/3 என்று முழுதாகத்தான் எழுத வைக்க வேண்டும். நேரம் கூடப் பிடிக்கும். பரவாயில்லை.

கடைசியாக, பாதியில் நிற்பது. 48/72 ஐ 24/36 ஆக்கிவிட்டு முடிந்துவிட்டது என்று நினைப்பது. இது மதிப்பைக் கெடுப்பதில்லை, 24/36 உம் அதே அளவுதான். ஆனால் எளிய வடிவம் 2/3.

சுருக்குவதற்கான படிகள்

முதல் படி, கண்ணுக்குத் தெரியும் பொதுக்காரணியைத் தேடுவது. இரண்டும் இரட்டை எண் என்றால் 2. இரண்டும் 0 அல்லது 5 இல் முடிந்தால் 5. இலக்கங்களைக் கூட்டினால் 3 இன் மடங்கு வந்தால் அந்த எண் 3 ஆல் வகுபடும், 9 இன் மடங்கு வந்தால் 9 ஆல் வகுபடும்.

இரண்டாவது படி, வகுத்துக் கிடைத்த பின்னத்தை மறுபடி பார்ப்பது. மீப்பெரு பொதுக் காரணியை, அதாவது இரண்டையும் வகுக்கும் மிகப் பெரிய எண்ணை, ஒரே மூச்சில் கண்டுபிடித்தால் ஒரே வரியில் முடியும், இல்லாவிட்டால் சிறிது சிறிதாகப் போகலாம். 48/72 → 24/36 → 12/18 → 6/9 → 2/3. நீளமான வழிதான், ஆனால் தப்பான வழி அல்ல. மீப்பெரு பொதுக் காரணி 24 என்று உடனே தெரியவில்லை என்பதற்காக யாரும் சோர்ந்துபோக வேண்டாம்.

மூன்றாவது படி, சந்தேகமான எண்களைச் சோதிப்பது. சில எண்கள் பகா எண் போலவே தோற்றம் காட்டும்: 51, 57, 87, 91. உண்மையில் 51 = 3 × 17, 57 = 3 × 19, 87 = 3 × 29, 91 = 7 × 13. ஆகவே 51/68 ஐப் பார்த்ததும் ‘இதற்கு மேல் சுருங்காது’ என்று விட்டுவிடுகிறோம். அது சுருங்கும், 3/4 வரை.

இங்கே ஒரு அருமையான உத்தி இருக்கிறது. இரண்டு எண்களையும் வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். 68 − 51 = 17. எனவே பொதுக்காரணி இருந்தால் அது 17 ஆக மட்டுமே இருக்க முடியும். 51 = 3 × 17, 68 = 4 × 17, முடிந்தது. 57/95 இல் வித்தியாசம் 38, அதாவது 2 × 19. இரண்டுமே ஒற்றை எண் என்பதால் 2 கழிந்துவிடும், 19 ஐச் சோதித்தால் 3/5. 24/25 போல அடுத்தடுத்த எண்கள் என்றால் வித்தியாசம் 1, அவை ஒருபோதும் சுருங்காது.

வித்தியாசமும் பெரிதாக இருந்தால் கழிப்பதைத் தொடருங்கள். 91/143: 143 − 91 = 52, 91 − 52 = 39, 52 − 39 = 13. 39 என்பது 13 இன் மூன்று மடங்கு, எனவே 13 தான் மீப்பெரு பொதுக் காரணி. விடை 7/11. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிவைத்த முறை இது. இன்றைய கணினிகளும் மீப்பெரு பொதுக் காரணி காண இதன் அடிப்படையில் அமைந்த முறைகளையே பயன்படுத்துகின்றன. காரணிப்படுத்தத் திணறும் பிள்ளைக்கு இதைக் காட்டிப் பாருங்கள், கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிடும்.

பெருக்கல்: முதலில் பொருள், பிறகு விதி

2/3 × 4/5 என்றால் என்ன? 4/5 இல் 2/3 பங்கை எடுப்பது. ‘அரைக்கால்’ என்ற நம் சொல்லை யோசித்துப் பாருங்கள். காலில் அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலைவிட அரைக்கால் சிறியது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ஆனால் அதையே 1/2 × 1/4 என்று எழுதிவிட்டால், பெருக்கினால் எண் கூடும் என்ற பழைய பழக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. ஒன்றைவிடச் சிறிய நேர்மப் பின்னத்தால் எந்த நேர்ம எண்ணைப் பெருக்கினாலும் விடை அந்த எண்ணைவிடக் குறையும். விடையைச் சரிபார்க்க இதைவிட எளிய கருவி இல்லை.

ஒரு செவ்வகத்தை நீளவாக்கில் 5 ஆகவும் அகலவாக்கில் 3 ஆகவும் பிரியுங்கள். மொத்தம் 15 கட்டங்கள். நீளத்தில் 4, அகலத்தில் 2 எடுத்தால் 8 கட்டங்கள். விடை 8/15. பகுதியோடு பகுதியைப் பெருக்குவது ஏன் என்று இந்தப் படம் காட்டுகிறது: இரண்டு திசையிலும் பிரித்ததால் பாகங்கள் பெருகிவிட்டன.

பெருக்கலில் வரும் தப்புகள்

குறுக்காகப் பெருக்குவது மிகப் பரவலானது. 2/3 × 4/5 க்கு 2 ஐ 5 ஆலும் 3 ஐ 4 ஆலும் பெருக்கி 10/12 என்று எழுதுவார்கள். அது 2/3 ÷ 4/5 க்கான விடை. குறுக்குப் பெருக்கல் என்பது இரண்டு பின்னங்களை ஒப்பிடவோ, சமமான இரு பின்னங்களில் தெரியாத எண்ணைக் காணவோ பயன்படுவது. பெருக்கல் குறி இருந்தால் மேலோடு மேல், கீழோடு கீழ். 10/12 என்பது 2/3 ஐவிடப் பெரியது என்பதைக் கவனித்திருந்தாலே தப்பு பிடிபட்டிருக்கும்.

பொதுப் பகுதி காண்பது இன்னொன்று. கூட்டலைப் படித்து முடித்த கையோடு பெருக்கலுக்கு வரும்போது இது நடக்கும். 2/5 × 3/4 ஐ 8/20 × 15/20 என்று மாற்றிவிட்டு, 120/20 என்று எழுதி, விடை 6 என்பார்கள். ஒன்றைவிடச் சிறிய இரண்டு எண்களைப் பெருக்கி 6 வராது. பொதுப் பகுதி எடுப்பது தப்பில்லை, வீண் வேலை. எடுத்துவிட்டால் கீழேயும் 20 × 20 = 400 என்று பெருக்க வேண்டும். 120/400 = 3/10, நேராகப் பெருக்கினால் வரும் 6/20 உம் அதுவே.

முழு எண்ணை இரண்டு பக்கமும் பெருக்குவது: 3 × 2/7 = 6/21. இங்கே பெருக்கியது 3 ஆல் அல்ல, 3/3 ஆல். அதனால்தான் 6/21 ஐச் சுருக்கினால் பழையபடி 2/7 வந்து நிற்கிறது. 3 ஐ 3/1 என்று எழுதிக்கொண்டால் குழப்பம் தீரும்: 6/7.

இப்போது குறுக்கே அடிப்பதற்கு வருவோம். 3/4 × 8/9 இல் 3 ஐயும் 9 ஐயும் அடிக்கிறோம், 8 ஐயும் 4 ஐயும் அடிக்கிறோம். வேறு வேறு பின்னத்தில் இருப்பதை எப்படி அடிக்கலாம்? இரண்டும் சேர்ந்தால் (3 × 8)/(4 × 9) என்ற ஒரே பின்னம்தான். பெருக்கலில் வரிசை முக்கியமில்லை. எனவே மேலே உள்ள எந்தக் காரணியையும் கீழே உள்ள எந்தக் காரணியோடும் அடிக்கலாம். விடை 2/3. இது புரியாமல் பழக்கத்தால் மட்டும் அடிப்பவர்கள் மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள்.

ஒன்று, மேலே இருக்கும் இரண்டையே ஒன்றோடொன்று அடிப்பது. 4/7 × 8/5 இல் 4 ஐயும் 8 ஐயும் அடிக்க முடியாது. அடிப்பது எப்போதும் கோட்டின் இரு பக்கத்துக்கும் நடுவே நடப்பது.

இரண்டு, ஒரே எண்ணை இருமுறை செலவழிப்பது. 6/7 × 5/12 × 11/18 இல் மேலே இருக்கும் ஒரே 6 ஐ வைத்து 12 ஐ 2 ஆகவும் 18 ஐ 3 ஆகவும் ஆக்கிவிட்டால் 55/42 வரும். மூன்று பின்னங்களும் ஒன்றைவிடச் சிறியவை, விடை எப்படி ஒன்றைத் தாண்டும்? அந்த 6 ஐ ஒருமுறைதான் பயன்படுத்தலாம், விடை 55/252. அடித்ததும் எண்ணின் மேல் புதிய எண்ணைத் தெளிவாக எழுதிவிட்டால் இந்தத் தப்பு பெரும்பாலும் வராது.

மூன்று, கூட்டலில் குறுக்கே அடிப்பது. 3/4 + 2/9 இல் அடித்து 1/2 + 1/3 = 5/6 என்று முடிப்பார்கள். சரியான விடை 27/36 + 8/36 = 35/36. விடை கொஞ்சம் பக்கத்தில் வருவதால் கண்ணில் படாமல் தப்பிவிடும். நடுவில் இருக்கும் குறியைப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

எதிர்மக் குறிகளைப் பொறுத்தவரை, பெருக்கத் தொடங்கும் முன்பே எண்ணிவிடுங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் விடை எதிர்மம், இரட்டைப்படை என்றால் நேர்மம். அதை முதலில் எழுதிவிட்டு எண்களுக்குப் போகலாம்.

கலப்புப் பின்னம்: நின்று பார்க்க வேண்டிய இடம்

2½ × 3⅓. முழு எண்களைத் தனியாக, பின்னங்களைத் தனியாகப் பெருக்கி 6 என்றும் 1/6 என்றும் எடுத்து, 6 உம் 1/6 உம் என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. கூட்டலில் அப்படித் தனித்தனியாகச் செய்தது சரியாக வந்ததே என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி.

2½ என்பது 2 + ½. 3⅓ என்பது 3 + ⅓. இரண்டையும் பெருக்கும்போது ஒவ்வொரு துண்டும் மற்றதன் ஒவ்வொரு துண்டோடும் பெருக வேண்டும். நீளம் 3⅓, அகலம் 2½ கொண்ட ஒரு செவ்வகத்தை வரைந்தால் அது நான்கு துண்டுகளாகப் பிரிவதைப் பார்க்கலாம்: 2 × 3 = 6, 2 × ⅓ = 2/3, ½ × 3 = 3/2, ½ × ⅓ = 1/6. தப்பாகச் செய்தவர் முதலாவதையும் கடைசியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் இரண்டையும் தொலைத்துவிட்டார். நான்கையும் கூட்டினால் 6 + 14/6, அதாவது 8⅓.

தகா பின்னமாக, அதாவது தொகுதி பகுதியைவிடப் பெரியதாக இருக்கும் பின்னமாக, மாற்றிக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. 2½ = 5/2, 3⅓ = 10/3. பெருக்கினால் 50/6 = 25/3 = 8⅓. மாற்றும்போது 2 × 2 + 1 என்று போடுகிறோமே, அது ஏன் என்றும் சொல்லுங்கள்: இரண்டு முழுதில் நான்கு அரைகள், கூட ஒரு அரை, மொத்தம் ஐந்து அரைகள். மாற்றும் முன்பே அடித்துவிடுவது இன்னொரு வலை. 2½ × 4/5 இல் அந்த 2 ஐயும் 4 ஐயும் பார்த்துக் கை துறுதுறுக்கும். 5/2 என்று மாற்றிய பிறகுதான் அடிக்கலாம். அப்போது விடை 2.

ஒரு நீளமான கணக்கு

14/45 × 27/35 × 50/36 ஐச் செய்வோம். மேலே 14, 27, 50. கீழே 45, 35, 36.

14 ஐயும் 35 ஐயும் 7 ஆல் வகுக்க, 2 உம் 5 உம். 27 ஐயும் 45 ஐயும் 9 ஆல் வகுக்க, 3 உம் 5 உம். இப்போது மேலே 2, 3, 50. கீழே 5, 5, 36. 50 ஐ ஒரு 5 ஓடு அடித்தால் 10 உம் 1 உம், அந்த 10 ஐ இன்னொரு 5 ஓடு அடித்தால் 2 உம் 1 உம். மிஞ்சுவது மேலே 2 × 3 × 2 = 12, கீழே 36. விடை 1/3.

அடிக்காமல் பெருக்கியிருந்தால் 18900/56700 வந்திருக்கும். அதையும் சுருக்கினால் 1/3 தான். இரண்டு வழியும் சரி, முதலில் அடிப்பது உழைப்பைக் குறைக்கிறது, அவ்வளவே.

வாக்கியக் கணக்கில் ‘இல்’ என்ற உருபு

‘240 இல் 1/3’ என்றால் 240 × 1/3. பின்னத்துக்கு முன் வரும் ‘இல்’ பெரும்பாலும் பெருக்கலையே குறிக்கும். ஆனால் எதில் என்பதைக் கவனிக்க வேண்டும். 240 பக்கப் புத்தகத்தில் ஒருவர் முதல் நாள் 1/3 பங்கும், மறுநாள் மீதியில் 1/4 பங்கும் படித்தார் என்றால் மொத்தம் எவ்வளவு? அவசரத்தில் 1/3 + 1/4 = 7/12 என்று கூட்டி 140 பக்கம் என்பார்கள். மறுநாள் படித்தது மீதியில் 1/4. மீதி 2/3, அதில் 1/4 என்றால் 2/3 × 1/4 = 1/6. மொத்தம் 1/3 + 1/6 = 1/2, அதாவது 120 பக்கம். ‘மீதியில்’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செய்து பாருங்கள், தப்பு எங்கே என்று விடையே சொல்லும்

39/91. விடை 3/7. உங்களுக்கு 3 வந்திருந்தால் 9 என்ற இலக்கத்தை அடித்திருக்கிறீர்கள். சுருங்காது என்று விட்டிருந்தால் 91 ஐப் பகா எண் என்று நினைத்திருக்கிறீர்கள்.

5/6 × 3/10. விடை 1/4. 25/9 என்றால் குறுக்காகப் பெருக்கியிருக்கிறீர்கள். 3/12 என்றால் கணக்கு சரி, இன்னும் ஒருமுறை 3 ஆல் வகுக்க வேண்டும்.

4 × 3/8. விடை 3/2. திரும்ப 3/8 ஏ வந்தால் 4 ஐக் கீழேயும் பெருக்கிவிட்டீர்கள்.

1½ × 2⅔. விடை 4. 2⅓ என்றால் செவ்வகத்தின் இரண்டு துண்டுகள் விடுபட்டுவிட்டன, மறுபடி வரைந்து பாருங்கள்.

2/3 + 3/4. விடை 17/12. 3/2 வந்திருந்தால் நடுவில் இருக்கும் குறியைப் பார்க்காமல் அடித்துவிட்டீர்கள். இது கூட்டல். 12 ஐப் பொதுப் பகுதியாக எடுத்து 8/12 + 9/12 என்று போட வேண்டும்.